எழுபத்தெட்டை இருபத்தெட்டாக்கியவள்

"எலி மாட்டிக்கிச்சு சார்."

தேர்வாணையர் தனிஸ்லாஸின் அறைக்குள் நுழைந்ததும் கம்ப்யூட்டர் பிரிவு உமேஷ் சொன்னது இதைத்தான். வணக்கம்கூட அப்புறம்தான் வந்தது.

தனிஸ்லாஸ் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நெசமாவா? அந்த டம்மி சர்வர்லயா?"

"அதுலதான் சார்."

இந்த டம்மி சர்வருக்காக உமேஷ் வாங்கிய கேலி கொஞ்சமல்ல. போன வருஷம், 2003-இல், யாரோ தேர்வுத்துறைக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து மார்க்கைத் திருத்தி, பல்கலைக்கழகத்தின் மானமே சந்தி சிரித்தது. அப்போது உமேஷ் சொன்ன யோசனை இது. நிஜ மார்க் இருக்கும் சர்வரை எந்த ஒயரும் தொடாமல் தனியே ஒதுக்கிவிடுவது. அதே பெயரில், அதே மார்க்குகளோடு ஒரு பொய் சர்வரை மாணவர்களின் லேபோடு இணைத்துவைப்பது. திருட வருகிறவன் பொய்க்குள்தான் புகுவான். அவன் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் பதிவாகும்.

"சோளக்கொல்லை பொம்மைக்கு ஏசி ரூமா?" என்று ஆபீஸில் சிரித்தார்கள். இனி எவன் சிரிப்பான் என்று பார்க்கலாம்.

"எம்புட்டு மார்க்கைக் கூட்டியிருக்கான்?" என்றார் தனிஸ்லாஸ்.

"கூட்டல சார், குறைச்சிருக்கு. எம்.சி.ஏ. கடைசி செமஸ்டர் அன்னக்கொடி. ஒரு பேப்பர்ல எழுபத்தெட்டை இருபத்தெட்டா மாத்தி வச்சிருக்கு."

"டி. கல்லுப்பட்டிப் பக்கத்துப் பொண்ணுல்ல? வகுப்புலயே மொத ஆளாச்சே. படிக்கிற பிள்ளைய பெயிலாக்கிப் பாக்க யாருக்குய்யா இம்புட்டு வயித்தெரிச்சல்?"

உமேஷ் லேப் நோட்டைத் திறந்து காட்டினான். திருத்தம் நடந்த பதினாலாம் நம்பர் சிஸ்டத்துக்கு நேரே இந்துப்ரியாவின் கையெழுத்து. அவள் அதே வகுப்பில் இரண்டாவது ரேங்க்.

இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

மறுநாள் விசாரணைக்கு இந்துப்ரியா வந்து நின்றாள்.

"நீதானாம்மா செஞ்சது?"

"ஆமா சார்."

"அவ மேல பொறாமையா?"

"அப்படியே வச்சுக்கங்க சார்."

உமேஷுக்கு உடம்பு கூசியது. அவளும் அவனைப் போலச் சௌராஷ்டிரா வீட்டுப் பெண். அவன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. நம்ம ஆள் பெண் என்று உமேஷ் விட்டுவிட்டான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே.

"ஒரு வருஷம் ரிசல்ட்டை நிறுத்தி வச்சா போதும்ல?" என்றார் தனிஸ்லாஸ்.

"ரெண்டு வருஷமாக்குங்க சார். அப்பத்தான் மத்தவங்களுக்குப் பயம் வரும்."

அப்படியே ஆர்டர் போட்டார்கள். அவள் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் வாசல்வரை போனவள் திரும்பி வந்து, உமேஷிடம் மட்டும் வீட்டில் பேசும் சௌராஷ்டிரப் பாஷையில் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, அன்னக்கொடி பெயில்தானே?"

என்ன நெஞ்சழுத்தம்! அவனும் அதே பாஷையில் நன்றாகவே கொடுத்தான். "நீ தொட்டது பொய் சர்வரை. நிஜ மார்க் பத்திரமா இருக்கு. அவ பாஸ்."

கதவைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். தண்டனைக்கு அழாதவள், கூடப் படித்தவள் பாஸானதற்கு அழுகிறாளே என்று உமேஷுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரம் தீர நாலு நாளாயிற்று.

ரிசல்ட் வந்த வாரம், அன்னக்கொடி மார்க் ஷீட் வாங்க வந்தாள். கூடவே அவள் அப்பா கண்ணுச்சாமி, கையில் தட்டும் தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையுமாக.

"எம் பொண்ணு மார்க்கைக் காப்பாத்துன சாரு நீங்கதானாம். வார வியாழக்கிழமை இவளுக்குக் கல்யாணம். கட்டாயம் வரணும்."

உமேஷுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "இம்புட்டு சீக்கிரமாவாங்க?"

"பரீட்சை முடிச்சு இவ ஊருக்கு வந்த அன்னைக்கே பேசி முடிச்சுட்டோம். ஆனா படிப்பு முடியாம தாலி ஏறாதுன்னு இவளுக்கு அழகர் மேல சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன். சாமி சத்தியத்தை மீற முடியுமா? ஒரு பேப்பர் போயிருந்தாக்கூட ஆறு மாசம் இழுத்திருக்கும். ஒங்க புண்ணியம், தப்பிச்சோம்."

"மாப்பிள்ளை என்ன பண்றாரு?"

"எம் மச்சினன்தான் சார், வெளி ஆளில்ல. மொதத் தாரம் போய்ச் சேந்துருச்சு. நாப்பது வயசுதான் ஆகுது. ரெண்டு பிள்ளைக இருக்கு, அதுகளுக்கு ஒரு அம்மா வேணும்ல? இருங்க, பெரிய சாருக்கும் பத்திரிகை வச்சுட்டு வாரேன்."

அவர் போனபின் உமேஷ் மார்க் ஷீட்டை நீட்டினான். அன்னக்கொடி அதை வாங்கினாள், பார்க்கவில்லை.

"வேலைக்கு எதுவும் முயற்சி பண்ணலயாம்மா?"

"மெட்ராஸ்ல ஒரு கம்பெனியில கூப்பிடுறதாச் சொல்லியிருந்தாங்க சார். ஆறு மாசம் ஆகும்னாங்க."

உமேஷுக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. "எப்படியோ, அந்த இந்துப்ரியா நெனைச்சது நடக்கல. அந்தமட்டுக்கும்..."

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க சார்." வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு அன்னக்கொடி சொன்னாள். "எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைய வெட்டிப் போட்ருவாருன்னுதான் பழியைத் தானே ஏத்துக்கிட்டா. எப்படியாச்சும் என்னைய பெயிலாக்கிருடின்னு, புராஜெக்ட் குடுக்கத் திரும்பி வந்தப்ப அவ கால்ல விழுந்து கெஞ்சுனது நான்தான்."