பத்தும் பந்தும்

கூடையில் இறங்கி வந்தது சப்பாத்திக் கல்.

அவள் கேட்டது மருந்து.

கயிறு ஆடி நின்றது. மாடியில் துபே வீட்டு அம்மாள் கம்பிகளுக்கு இடையே எட்டிப் பார்த்துச் சிரித்தார். முழங்கால் வலிக்காரர், படி இறங்கமாட்டார். கொத்தமல்லிக் கட்டு முதல் பேரனின் பழைய சட்டை வரை எல்லாம் அந்தக் கூடையில்தான் வரும். அடுப்பில் ஏதோ தீய்ந்தது போல. சிரித்த கையோடு உள்ளே போய்விட்டார்.

அவள் தோளில் எழில் கொதித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு வயது. காலையில் வந்த காய்ச்சல், வெயிலோடு போட்டி போட்டு ஏறியது. வீட்டிலிருந்த மருந்துப் பாட்டிலைக் கவிழ்த்துக் குலுக்கியும் ஒரு சொட்டு விழவில்லை. சரக்கு ரயில் கார்டாக இருக்கும் புருஷன் தங்கவேல் நாளைக்குத்தான் வருவான். போன் போட்டாள். எட்டாத இடத்தில் இருந்தான். இட்டார்சி ரயில்வே குடியிருப்பில் அவளுக்குத் தெரிந்த மனுஷி மாடியில் இருக்கும் அந்த அம்மாள் ஒருவர்தான்.

இந்த ஊருக்கு வந்து பத்து நாள்.

கல்லைக் கையில் எடுத்தபோது அழுகை வந்தது.

உள்ளே போய் நோட்டைப் புரட்டினாள். கட்டிய மகராசன் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்த இந்தி.

மூன்றாம் பக்கம்: தவா – மருந்து.

ஒன்பதாம் பக்கம்: தவா – சப்பாத்திக் கல்.

இரண்டுக்கும் ஒரே த.

மருந்துக்கு மெத்தென்று சொல்லணும் என்று அவன் சொல்லத்தான் செய்தான். காது கொடுத்துக் கேட்டால்தானே? அவள் அப்போது ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"தவா." சொல்லிப் பார்த்தாள். கல்.

"தவா." அதுவும் கல்.

முருகா.

தோளில் முனகல். "ம்மா... பந்து."

கட்டிலுக்கு அடியில் கிடந்த சிவப்புப் பந்தை எடுத்தாள். "இந்தா கண்ணு, பந்து."

சொன்னவள் அப்படியே நின்றாள்.

பந்து.

பத்து.

தொண்டையில் விரலை வைத்தாள். பத்து என்றால் நடுவில் அதிர்வு நின்றது. பந்து என்றால் நிற்காமல் விரலடியில் அதிர்ந்தது. பத்து. பந்து. காதுக்குப் பத்து நாளாகப் பிடிபடாதது விரலுக்குப் பிடிபட்டது.

மெத்தென்ற த அவள் வாயிலேயே இருந்திருக்கிறது, பேசத் தொடங்கிய நாளிலிருந்து. ந்-க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு.

பந்து. பந்தா. ந்தா. ந்தவா.

ந்-ஐ விழுங்கினாள்.

வெளியே ஓடிக் கயிற்றை இழுத்தாள். மேலே மணி குலுங்கியது.

"தவா!"

குடியிருப்பு முழுக்கக் கேட்டிருக்கும்.

முகம் எட்டிப் பார்த்தது. எழிலைப் பார்த்தது. முன்பும் பார்த்ததுதான், தூங்குகிற பிள்ளை என்று நினைத்திருப்பார்.

"அரே ராம்!"

கூடை மேலே பறந்தது. இறங்கியபோது அதில் ஆரஞ்சு நிறப் பாட்டில். வீட்டில் தீர்ந்துபோன அதே மருந்து, அளவு மூடியோடு, பிரிக்காதது.

மாலை ஐந்து மணிக்கு எழிலின் கழுத்து வியர்த்தது. நெற்றி குளிர்ந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பாடு அழுதாள். இந்த முறை நிம்மதியில்.

பிறகு எழுந்து, இருந்த மாவில் இரவல் கல்லிலேயே தோசை வார்த்தாள். சப்பாத்தி மட்டுமே பழகிய கல். முதல் இரண்டும் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. மூன்றாவது முழுசாக வந்தது.

அதைக் கல்லோடு கூடையில் வைத்துக் கயிற்றை இழுத்தாள்.

சற்று நேரத்தில் மாடியிலிருந்து குரல் வந்தது.

"ஆஹா, டோசா! பஹுத் அச்சா டோசா!"

ட இல்லை, த. சொல்ல வாயெடுத்தாள்.

மடியில் எழில் பந்தை உருட்டிக்கொண்டிருந்தான்.

இருக்கட்டும். கூடை நாளைக்கும் இறங்கும்.