பூ இல்லாத பத்துத் தொட்டி

"சார், ஒரு விஷயம் சொல்லணும். சொல்லலைன்னா என் மனசு கேக்காது" என்று இழுத்தார் லேப் உதவியாளர்.

வெளியூர்த் தேர்வாளர் விடைத்தாள்களிலிருந்து தலையைத் தூக்கினார். இந்த வாரத்தில் இது ஐந்தாவது கல்லூரி. கண்ணை மூடினாலும் இலைதான் தெரிந்தது அவருக்கு.

"சொல்லுங்க."

"பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னாடி எங்க துறைத் தலைவர் மேடம் உள்ள போய் நாலு தொட்டியை மாத்திட்டாங்க சார். எழுதுறவங்கள்ல அவங்க பொண்ணும் ஒருத்தி."

தாவரவியல் செய்முறைத் தேர்வு அது. பத்துத் தொட்டி, ஒன்றிலும் பூ கிடையாது. பூ இருந்தால் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாமே! மரமா, புதரா, கொடியா, கொடி என்றால் எதைக் கொண்டு ஏறுகிறது என்று வளர்கிற விதத்தை மட்டும் பார்த்துக் குடும்பத்தை எழுத வேண்டும். முதலில் வருகிறவருக்குத் தாவரப் பூங்காவில் வேலை நிச்சயம்.

போட்டி இரண்டே பேருக்குள்தான். ஒருத்தி மேடத்தின் மகள். இன்னொருத்தி இந்த உதவியாளரின் அக்கா மகள். இரண்டாவது விஷயத்தை மட்டும் அவர் சொல்லவில்லை.

"நேத்து சாயங்காலம் பத்தையும் வரிசையா வெச்சுப் பூட்டினதே நான்தான் சார். அதைப் போய் மாத்தலாமா? படிச்சவங்களே இப்படிப் பண்ணினா, யாருமில்லாத பிள்ளைங்க எங்க சார் போகும்? அந்த நாலுக்கும் மார்க் போடாதீங்க. அதுதான் நியாயம்."

தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"என்கிட்ட கேட்டுட்டுத்தான் மாத்தினாங்க. அந்த நாலும் அவங்க வீட்டு பால்கனியில வளர்ந்து, போன மாசம் காலேஜுக்குக் கொடுத்த செடியாம். தினமும் தண்ணி ஊத்தினது அந்தப் பொண்ணு. காலையில இங்க பார்த்த பிறகுதான் மேடத்துக்கு உறைச்சிருக்கு. தன் பொண்ணுக்குத் தெரிஞ்ச செடி பரீட்சையில இருக்கக் கூடாதுன்னு எடுத்துட்டாங்க."

உதவியாளர் கையிலிருந்த சாவிக்கொத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மகள்கிட்ட மூச்சுக்கூட விடலை. மாத்தி வெச்ச நாலுல அவ ரெண்டைக் கோட்டை விட்டிருக்கா, பாவம்."

"எனக்கு எப்படி சார் தெரியும்... மனசுல பட்டதைச் சொன்னேன்."

"அதனால என்ன, நியாயம் கேக்க ஒரு ஆள் வேணும். உங்ககிட்டயே ஒரு சந்தேகம் கேக்கறேன்." ஒரு தாளை உருவினார். "மூணாம் தொட்டியில இப்ப என்ன இருக்கு?"

"பனங்கன்னு சார்."

"முழங்கால் உயரப் பனங்கன்னு. அதுக்கு முன்னாடி நின்னுகிட்டு ஒரு பொண்ணு, 'பற்றுக்கம்பியால் ஏறும் கொடி, பாகற்காய்க் குடும்பம்'னு எழுதியிருக்கா. மத்த மூணும் இதே கதைதான். இங்க இருக்குற நாலுக்கும் விடை தப்பு. எடுத்து வெளிய வெச்ச நாலுக்கும் கச்சிதமா சரி. எனக்கு ஒண்ணும் புரியலை."

உதவியாளர் தாளை எட்டிப் பார்த்தார்.

"அசதியில... ஏதோ மாத்தி எழுதியிருப்பா சார்."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். தோளில் பை. முகத்தில் பரீட்சை முடிந்த நிம்மதி. அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தேர்வாளரை அவள் கவனிக்கவில்லை.

"மாமா, வீட்டுக்குக் கிளம்பலாமா? பத்தையும் நேத்து நீங்க சொன்ன வரிசையிலயே எழுதிட்டேன். செடிப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை."