ஆடாத ஏணிப்படி

வீட்டின் பின்பக்கம் என் நெஞ்சுயரத்துக்கு நிற்கிறது புது நீச்சல் தொட்டி. மதிய வெயிலில் அதன் தண்ணீர் சுவரெங்கும் வெளிச்சத்தை அலையவிடுகிறது. ஏறி இறங்குவதற்கான ஏணிப்படியின் கடைசி போல்ட்டை முடுக்கிவிட்டு என் கணவர் நெற்றியைத் துடைக்கிறார். குளித்து முடித்ததும் வெளிப்படிகளை மேலே தூக்கிப் பூட்டச் சொல்கிறது ஏணியோடு வந்த வழிமுறைக் காகிதத்தில் உள்ள படம். அந்தக் காகிதத்தின் மேல்தான் அவருடைய காபி டம்ளர் உட்கார்ந்திருக்கிறது. பூட்டு, பிரிக்காத உறையோடு புல்லில் கிடக்கிறது.

"தூக்குற படியை ஏங்க அசையாம முடுக்கி வெச்சீங்க?"

"தினமும் எவன் தூக்குறது? ஆட்டிப் பாரு, கல்லு மாதிரி நிக்குது."

"ரெண்டு வயசுப் புள்ள இருக்கிற வீடுங்க இது!"

"அவளாவது, இதுல ஏறுறதாவது. சும்மா கத்தாதே."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இவரோடு பேசிப் புண்ணியமில்லை. நானே கழற்றிக்கொள்கிறேன் என்று பின்வாசலோரம் இருக்கும் கருவிப் பெட்டியில் ஸ்பேனரைத் தேடுகிறேன். இரும்புச் சாமான்கள் கடகடவென்று உருள்கின்றன. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு அட்டைப்பெட்டியை மிதித்து மடக்குகிறார்.

"அப்பா, நானு!"

மகள் உச்சிப்படியில் நிற்கிறாள். ஸ்பேனரை வீசிவிட்டு ஓடிப்போய் அவள் இடுப்பைப் பிடித்து இழுக்கிறேன். படி கொஞ்சம்கூட ஆடவில்லை.