புள்ளிக் கோழிக்கு என்ன வருத்தம்?

"பஸ்னா, நீங்கள் வீட்டை போங்கோ. நாங்கள் பார்த்துக்கொள்ளுவம்."

கிறிஸ்டின் இதைச் சொல்வது மூன்றாவது தடவை. பக்கத்து வீட்டுக்காரியை இப்படித் துரத்துவது அவள் கணவன் மைக்கலுக்கே ஒரு மாதிரி இருந்தது. பாவம், கோழிக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டுத்தானே வேலிப் படலையைத் திறந்துகொண்டு ஓடிவந்திருக்கிறாள்.

"நிக்கட்டுமே. நீ ஏன் அந்தரப்படுறாய்?" என்றான்.

பஸ்னா போகவில்லை. முக்காட்டு நுனியை விரலில் சுற்றியபடி கூட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூட்டின் மூலையில் புள்ளிக் கோழி வாலைத் தொங்கப்போட்டு, செட்டையைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. குந்தும், எழும்பும், திரும்பக் குந்தும். நேற்றிலிருந்து தீனைத் தொடவில்லை.

மைக்கல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். எந்த எஞ்சினையும் சத்தத்தை வைத்தே இன்ன பழுது என்று சொல்லிவிடுவான். கோழி சத்தமே போடாமல் நின்றால் அவன் என்ன செய்வான்? குச்சவெளியில் இருக்கும் மிருக டொக்டர் சசிகரனுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டான்.

"ஞாயிற்றுக்கிழமை கரைச்சல் தாறன் எண்டு குறை நினையாதேங்கோ, டொக்டர்."

"பரவாயில்லை. கொண்டை என்ன நிறம்?"

"கொஞ்சம் வெளிறிப்போய்க் கிடக்கு."

"கழிச்சல் இருக்கோ?"

மைக்கல் குனிந்து பார்த்தான். "இல்லை. ஒண்டுமே போகேல்லை போல கிடக்கு."

"கழுத்தடியிலை தீன்பையைத் தொட்டுப் பாருங்கோ. கல்லு மாதிரி இருக்கோ?"

"வெறுமையா இருக்கு."

"அப்ப தீன் அடைக்கேல்லை. கடைசியா எப்ப முட்டை இட்டது?"

மைக்கல் மனைவியைப் பார்த்தான். கிறிஸ்டின் நிலத்தைப் பார்த்தாள்.

"அது இட்டு ஒரு மாசத்துக்கு மேலை. வயசு போட்டுது," என்றாள்.

"இடுற கோழி எண்டா முட்டை அடைச்சிருக்கு எண்டு சொல்லுவன். இடாத கோழி எண்டா வேற ஏதோ வருத்தம்தான். மற்றதுகளுக்குத் தொற்றாமல் தனியா விடுங்கோ. நாளைக்கு வந்து பார்க்கிறன்."

"நாளை வரைக்கும் வைச்சிருக்க ஏலாது, டொக்டர். இன்னும் ஆறு கோழி நிக்குது. இப்பவே கழுத்தைத் திருகிக் கிடங்கு வெட்டித் தாட்டுவிடுறன்."

சொன்னதும் கூட்டுக்குள் கையை விட்டுவிட்டான். மைக்கலுக்கு எதிலும் பொறுமை கிடையாது.

"கொஞ்சம் பொறுங்கோ. முதல்லை பஸ்னா போகட்டும்," என்று கிறிஸ்டின் அவன் கையைப் பிடித்தாள்.

"திருகாதீங்க, அண்ணன்," என்றாள் பஸ்னா. "அது வியாழக்கிழமை இட்டது. நேத்து இட்டிருக்கணும். இடல்ல."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"எங்கட விறகுக் கொட்டிலுக்குள்ளதான் வந்து இடுது. ஒண்டவிட்டு ஒருநாள். நான்தான் எடுத்த. சின்ன மகளுக்கு நிறை காணாது, முட்டை குடுங்க எண்டு கிளினிக்கில சொன்னாங்க. அவர்ர வள்ளமும் உடைஞ்சு ரெண்டு மாசமாத் தொழில் இல்ல. கேட்டிருந்தாத் தந்திருப்பீங்க. கேக்க வெக்கமா இருந்திச்சு. அல்லாஹ்வுக்குப் பொதுவா, இதுதான் நடந்த."

வளவில் ஒரு மாங்காய் காணாமல் போனாலும் ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சத்தம் போடுகிறவன் மைக்கல். இப்போதும் வாயைத் திறந்தான். நிறை காணாத அந்தப் பிள்ளையை நினைத்ததும் கோபம் வரமாட்டேன் என்றது.

"மைக்கல், கேக்குதோ?" டொக்டரின் குரல் அவசரப்பட்டது. "அப்ப முட்டைதான் அடைச்சிருக்கு. உடனே வெதுவெதுப்பான தண்ணியிலை வயிறு அமிழ இருத்துங்கோ. பின்பக்கம் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசுங்கோ. வயித்தை மட்டும் அமத்திப்போடாதேங்கோ. முட்டை உள்ளுக்கை உடைஞ்சா கோழி போயிடும்."

கிறிஸ்டின் குசினிக்குள் போன கையோடு வெதுவெதுப்பான தண்ணீர்ப் பேசின், எண்ணெய்ப் போத்தல், பழைய துவாய் எல்லாவற்றோடும் வந்தாள். பஸ்னா கோழியை மெல்ல இருத்திப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைப்பேற்று அறைக்கு வெளியில் நிற்கிற சொந்தக்காரர் மாதிரி மைக்கல் அங்கும் இங்கும் நடந்தான். போன நிமிடம் கழுத்தைத் திருகப் போனவனும் அவன்தான்.

அரை மணித்தியாலம் போனது. கோழி ஒரு முக்கு முக்கியது. பெரிய முட்டை ஒன்று தண்ணீருக்குள் விழுந்தது. புள்ளிக் கோழி உடம்பை உதறி மூன்று பேரையும் நனைத்துவிட்டு, பேசினிலிருந்து பாய்ந்து தீன் தேடிப் போய்விட்டது.

பஸ்னா முட்டையைத் துடைத்துக் கிறிஸ்டினிடம் நீட்டினாள். கிறிஸ்டின் அதை வாங்கி, அவள் கைக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

"சின்னவளுக்கு அவிச்சுக் குடுங்கோ."

பஸ்னா அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

மைக்கல் பேசினையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு எங்கேயோ இடித்தது.

"கிறிஸ்டின், ஒரு கேத்தில் தண்ணி சுட எவ்வளவு நேரமாகும்?"

"ஏன் கேக்கிறியள்?"

"டொக்டர் சொல்லி வாய் மூட முன்னம் நீ சுடுதண்ணி, எண்ணெய்ப் போத்தல், பழைய துவாய் எல்லாத்தோடையும் வந்திட்டாய்."

கிறிஸ்டின் வேலிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"முட்டை இட்ட கோழி கொக்கரிக்காம இருக்குமோ? நீங்கள் வேலைக்குப் போனா நான் வீட்டிலதானே, அவவின்ர கொட்டிலுக்குள்ள அது கொக்கரிக்கிறது கேக்கும். காலமை வாலைக் கண்ட உடனேயே எனக்கு விளங்கிட்டுது. தண்ணியும் சுடவைச்சிட்டன்."

"பிறகேன் பேசாம நிண்டனீ? நான் அதின்ர கழுத்தைத் திருகியிருப்பனே."

"அவ போன உடனே சொல்லுவம் எண்டுதான் பார்த்தனான். அவவை வைச்சுக்கொண்டு, அது அங்கை இடுறது எனக்குத் தெரியும் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"