வடிகட்டி மறித்த காவல்காரர்

தானம் கொடுத்த ரத்தம் பையிலிருந்து குழாய் வழியாக, படுக்கையில் இருந்த நோயாளிப் பெண்ணை நோக்கி இறங்கியது. சிவப்பணுவுக்குத் துணையாக வெள்ளையணுவும் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தது. பாதி வழியில் வடிகட்டி மறித்தது.

"அக்கா போகட்டும். அண்ணாச்சி, நீங்க நில்லுங்க."

"என்னையா நிறுத்துற? பிறந்ததிலிருந்து காவல் வேலை பார்க்கிறேன். என்னை விட்டா இவளுக்கு யார் துணை?"

"போற இடத்துல என்ன செய்வீங்க?"

"முதல்ல அங்க இருக்கிற வெளியாளுங்களை எல்லாம் அடிச்சுத் துரத்துவேன்."

"அவங்க அந்த வீட்டுக்காரங்க. வெளியாளு நீங்கதான். நீங்க அடிதடியில இறங்கினா, படுத்திருக்கிற பொண்ணுக்குக் குளிர்காய்ச்சல் வந்துடும்."

"யாரு வெளியாளுன்னு நான் விசாரிச்சுச் சொல்றேன்!"

வடிகட்டி தன் இழைகளுக்கு நடுவே அண்ணாச்சியை உட்கார வைத்துவிட்டது.

சிவப்பணு மட்டும் அந்தப் பெண்ணின் உடம்புக்குள் நுழைந்தது. நுழைந்ததும், அந்த உடம்பின் வெள்ளையணு ஒன்று மீசையை முறுக்கிக்கொண்டு எதிரே வந்தது.

"உன்கூட காவல்காரன் எவனாவது வந்திருக்கானா?"

"இல்லீங்க. வழியிலேயே நிறுத்திட்டாங்க."

"நல்லதாப் போச்சு. வந்த இடத்துல அதிகாரம் பண்றதே அவனுங்களுக்கு வேலை. சரி, என் பின்னாடியே வா. என்னை விட்டா இங்க உனக்கு யார் துணை?"