காதில் பஞ்சு

நூறு பேர் நின்றாலே மூச்சு முட்டும் அந்தச் சின்ன கிளப்பில், கப்பல் மெக்கானிக்கின் உயிரான மெட்டல் ராக் இசைக்குழு கையெட்டும் தூரத்தில் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில், காதில் பஞ்சோடு மனைவி. அவன் வீட்டில் இவர்கள் பாட்டைப் போட்டாலே, "மிக்சியில கல்லைப் போட்ட மாதிரி இருக்கு, நிறுத்துங்க" என்பவள்.

நாலாவது பாட்டு முடிந்ததுமே அவனுக்கு மனசு கேட்கவில்லை. "போதும்மா, கிளம்பலாம். உனக்குத் தலை வலிக்கும்."

"இருங்க. மழை பெய்யற மாதிரி டிரம்ஸ்ல ஆரம்பிக்குமே, அந்தப் பாட்டு இன்னும் வரல."

அவன் திரும்பிப் பார்த்தான். "அது உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் பஞ்சை எடுத்துவிட்டு அவன் காதருகே வந்தாள்.

"நீங்க கப்பலுக்குப் போயிட்டா வீடு வெறிச்சோடிப் போயிடும். உங்க ரூம்ல இதைச் சத்தமா போட்டுட்டு, கதவைச் சாத்திட்டு வந்துதான் சமைப்பேன். நீங்க உள்ளே இருக்கிற மாதிரியே இருக்கும்."