பயந்தாங்கொள்ளி பைலட்

"இன்னிக்கு வேணாம் மாமா. எனக்கு பயமா இருக்குது."

சிவசங்கர் இப்படிச் சொன்னதும், வேனில் வந்திறங்கியிருந்த சொந்தம் மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது.

செந்தமிழ்ச்செல்விக்கு மானமே போனது. சிரிக்கிறவர்கள் எல்லாம் அவள் புகுந்த வீட்டு ஜனம். பயம் என்று சொல்லிவிட்டு நிற்கிறவன் அவள் கூடப்பிறந்த தம்பி.

"இன்னாடா சொல்ற? காலையிலேர்ந்து குதிச்சிக்கினு இருந்தியே?"

"இல்லக்கா. மலையப் பாத்ததும் கை நடுங்குது. அப்பறம் பாத்துக்கலாம்."

மலை என்னவோ இன்று காலையில்தான் முளைத்த மாதிரி! வடக்கனந்தலில் பிறந்த நாளிலிருந்து கல்வராயன் மலையைப் பார்த்துத்தான் அவன் பல் விளக்கியிருக்கிறான்.

மரவள்ளி மில் வைத்துச் சம்பாதித்து, பைலட் லைசென்ஸ் எடுத்து, வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய விமானம். இரண்டே பேர் உட்காரலாம். மலையடிவாரத்தில் ஒரு தனியார் ஓடுதளத்தில் இன்றைக்கு டெலிவரி. மொபெட் வாங்கினாலே பூசணிக்காய் உடைக்கிற குடும்பம், விமானம் என்றால் சும்மா விடுமா? ஒரு வேன் பிடித்து வந்துவிட்டார்கள்.

ஓடுதளத்தில் பூசணிக்காய் உடைக்கக் கூடாது என்று கம்பெனி இன்ஜினியர் வெற்றிவேல் கையெடுத்துக் கும்பிட்டார். சரி போகட்டும் என்று மூன்று சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தம்பி ஆபீசுக்குள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மூக்கிலிருந்து வால் வரை செல்வியே வஞ்சனையில்லாமல் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்தாள்.

முதல் சவாரி அவள் வீட்டுக்காரர் தீனதயாளனுக்கு. புதுச்சட்டை, கூலிங்கிளாஸ் சகிதம் தயாராக நின்றார். வடக்கனந்தலில் தெருவே மொட்டைமாடியில் ஏறி, செல்போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு காத்திருந்தது.

ஆபீசிலிருந்து வந்த சிவசங்கர் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். இடது பக்கம் குனிந்து எதையோ பார்த்தான். முகம் மாறிவிட்டது. திரும்பி வந்து சொன்னதுதான் அந்த வார்த்தை.

"மச்சான், பேசாம றெக்கையக் கழட்டிப் போட்டுட்டு மரவள்ளிக் கிழங்கு ஏத்து. மில்லுக்காவது ஆவும்!" என்றார் தீனதயாளன்.

மறுபடியும் சிரிப்பு. சிவசங்கரும் அசட்டுத்தனமாகச் சிரித்துவிட்டு, விமானம் நிறுத்தும் கொட்டகைப் பக்கம் போய்விட்டான்.

செல்விக்குப் பொறுக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டியதுதான் என்று, சந்தனக் கிண்ணத்தைக்கூடக் கீழே வைக்காமல் பின்னாலேயே போனாள். கொட்டகை வாசலில் வெற்றிவேலின் குரல் கேட்டது.

"நல்ல வேளை பாத்தீங்க சார். காத்து போற துளை பூராவும் சந்தனம் காஞ்சி அடைச்சிக்கினு இருக்குது. ரெண்டு பக்கமும். இப்படியே ஏறியிருந்தா, உயரம் காட்டுற முள்ளு தரையிலயே நின்னுருக்கும். வேகமும் தப்பா காட்டும். எதிர்ல மலை வேற."

"சுத்தம் பண்ண எவ்ளோ நேரமாவும்?"

"உள்ள குழாய் வரைக்கும் கழட்டிப் பாத்து டெஸ்ட் பண்ணணும். நாளைக்கு சாயந்திரம் ஆயிடும்."

செல்வி கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தாள். விமானத்தின் இரண்டு பக்கமும் காசு அகலத்தில் பளபளவென்று வட்டமாக ஒரு தகடு, அதில் பொடிப்பொடியாகத் துளைகள். பொட்டு வைக்கவென்றே கம்பெனிக்காரன் இடம் விட்டிருக்கிறான் என்று நினைத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அப்பியது அவள்தான்.

"நடந்தத சொல்லிட வேண்டியதுதான சார்? எதுக்கு பயம் கியம்னு சொல்லி கிண்டல் வாங்கிக்கினு நிக்கிறீங்க?"

"வேணாம் வெற்றிவேல். எங்கக்காவுக்குத் தெரிஞ்சா ஒடைஞ்சி பூடும். அதுவும் அவங்க வூட்டு ஆளுங்க முன்னாடி! ஆயுசுக்கும் ஒரு நல்ல காரியத்துல கை வெக்காது. இவங்க நாலு நாள் சிரிப்பாங்க. சிரிச்சிட்டுப் போவட்டும்."

செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சை அடைத்திருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது. தம்பி முழுசாக நிற்கிறான். வீட்டுக்காரரும் கூலிங்கிளாஸோடு முழுசாக நிற்கிறார். இதற்கு மேல் என்ன மானம் வேண்டிக்கிடக்கிறது?

விறுவிறுவென்று வேனிடம் வந்தாள். அங்கே தீனதயாளன் இரண்டு கையையும் வெடவெடவென்று ஆட்டி, மச்சான் மாதிரியே நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"போதும், நிறுத்துங்க!"

ஆடிய கை அந்தரத்தில் நின்றது.

"அவன் ஒண்ணும் பயப்படல. ஏரோப்ளேன்ல காத்து போற ஓட்டையில சந்தனத்த அப்பி அடைச்சவ நான்தான். தெரியாம ஏறியிருந்தா அவனும் இல்ல, நீங்களும் இல்ல. என் பேர் கெடக் கூடாதுன்னு அவன் பயந்தாங்கொள்ளின்னு பேர் வாங்கிக்கினான். சிரிக்கிறதா இருந்தா என்னப் பாத்து சிரிங்க."

தீனதயாளன் கூலிங்கிளாஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவள் கையிலிருந்த கிண்ணத்தைத் தூர எறியப் போனாள். பின்னாலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடித்துக்கொண்டது. சிவசங்கர்.

"இன்னாக்கா பண்ற? நாளைக்கும் நீதான் பொட்டு வெக்கணும். எடத்த மட்டும் நான் காட்டுறேன்."